‘நீ கொல்லனே இல்லை!’: ஸ்மித், ஷ்மிட், கௌ என்னும் பெயர்களின் கதை

சம்மட்டியின் காம்பு இரண்டாக முறிந்தது. இடம், ஸ்காட்லாந்தில் ஒரு கொல்லுப்பட்டறை. காலம், மன்னன் மூன்றாம் ஜேம்ஸின் காலம், 15-ஆம் நூற்றாண்டு. டக்ளஸ் கூட்டத்தாரோடு நடந்த சண்டையில் அரசன் பக்கம் நின்று, தோற்று, களைத்து ஓடிவந்த ஒருவன் அந்தப் பட்டறைக்குள் நுழைந்திருக்கிறான். கொல்லர் இரக்கப்பட்டு அவன் கவசத்துக்கு மேலே தன் தோல் உடுப்பைக் கட்டிவிட்டு, கையில் சம்மட்டியையும் கொடுத்து, ‘அடி’ என்கிறார். தேடி வந்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள். பதற்றத்தில் அடி இரும்பின் மேல் விழாமல் பட்டடைக் கல்லில் விழுகிறது. காம்பு முறிகிறது. வந்தவர்களில் ஒருவன் கத்துகிறான்: “நீ கொல்லனே இல்லை!”

ஸ்காட் மொழியில் ‘நே’ என்றால் ‘இல்லை’, ‘ஸ்மித்’ என்றால் ‘கொல்லன்’. நேஸ்மித் என்ற குடும்பப் பெயர் இப்படித்தான் வந்தது என்று அந்தக் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். பிறகு அந்த வீரன் திரும்பித் தாக்கினான், கொல்லரும் உதவிக்கு வந்தார், அரசன் அவனுக்கு நிலமும் குலச் சின்னமும் கொடுத்தான் என்று கதை போகும். சின்னத்தில் ஒரு வாள், இரு பக்கமும் காம்பு முறிந்த சம்மட்டிகள். கீழே லத்தீனில் ஒரு வாசகம்: ‘கைவினையால் அல்ல, போரால்’.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயராய்வாளர்கள் இதை ஒரு புன்சிரிப்போடு ஒதுக்கிவிடுவார்கள். ஆங்கிலத்தில் ‘நைஃப்’ என்று இப்போது சொல்லும் கத்திக்கும் ‘ஸ்மித்’ என்ற கொல்லனுக்கும் இடையில் இருந்த எழுத்துகள் தேய்ந்து ஒட்டிக்கொண்டதுதான் நேஸ்மித். பொருள், கத்திக் கொல்லன். ‘கொல்லன் இல்லை’ என்று குடும்பம் பெருமையாகச் சொன்ன பெயருக்கு நேர் எதிர்ப் பொருள்.

ஜெர்மன் மொழிக்குப் போனால் இதே பெயர் வேறு உடையில் நிற்கிறது. அங்கே கத்தி ‘மெஸ்ஸர்’. கத்திக் கொல்லன் மெஸ்ஸர்ஷ்மிட். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஜெர்மன் போர்விமானத்துக்கு அந்தப் பெயரைக் கொடுத்தவர் வடிவமைப்பாளர் வில்லி மெஸ்ஸர்ஷ்மிட் (1898–1978). 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், குளிர்காலத்தில் மாணவர்களைச் சும்மா இருக்கவிடாமல் ஆடவைக்கக் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், கனடாவில் ஸ்காட்லாந்துக் குடும்பத்தில் பிறந்தவர். பெயரை வைத்துப் பார்த்தால் இருவரும் ஒரே தெருக்காரர்கள். ரத்த உறவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை.

இந்தப் பெயரைப் பற்றி எழுதுகிறவன் முதலில் சொல்லவேண்டியதும் இதுதான். ஸ்மித் என்பது ஒரு மூதாதையின் பெயர் கிடையாது. ஐரோப்பாவில் உலை எரிந்த ஒவ்வோர் ஊரிலும் தனித்தனியாக முளைத்த பெயர். 12-ஆம் நூற்றாண்டிலிருந்து வரிக் கணக்கும் நிலப் பத்திரமும் பெருகியபோது, ஊரில் ஆறு ஜான்கள் இருந்தால் அதில் ஒருவரை ‘கொல்லர் ஜான்’ என்று எழுத்தர் குறித்துவைத்தார். மகன் உலைப் பக்கமே போகாவிட்டாலும் அந்த அடைமொழி அவனோடு ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான் தொடக்கம். அதன் பிறகு நடந்ததுதான் சுவையான பகுதி. பாதிப் பேர் அந்த உலைக்களத்தை மறைக்கப் பார்த்தார்கள். பெயரின் பல வடிவங்களில் அந்த முயற்சியின் தடம் தெரிகிறது.

மூலச் சொல்லைக் கொஞ்சம் பார்க்கலாம். ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, நார்டிக் மொழிகள் அடங்கிய ஜெர்மானிய மொழிக் குடும்பம் முழுவதிலும் இந்தச் சொல் உண்டு. ஆனால் தொடக்கத்தில் இது இரும்படிப்பவரை மட்டும் குறிக்கவில்லை. பழைய மரபை அதிகம் காப்பாற்றி வைத்திருக்கும் ஐஸ்லாந்து மொழியில் இன்றும் ‘ஸ்மிதுர்’ என்றால் எதையும் செய்பவர். முன்னால் மரம் சேர்ந்தால் தச்சர், பொன் சேர்ந்தால் தட்டார், செருப்புச் சேர்ந்தால் செருப்புத் தைப்பவர். பழைய நார்டிக் இலக்கியத்தில் பாட்டுக் கட்டுபவரைக்கூடப் ‘பாட்டு ஸ்மித்’ என்றார்கள். நமக்கு இது புதிதாகத் தோன்றாது. கொல்லர், தச்சர், தட்டார், கன்னார், கல்தச்சர் ஐவரையும் கம்மாளர் என்ற ஒரே சொல்லுக்குள் வைத்து, ஐவரையும் ‘ஆசாரி’ என்று கூப்பிட்டுப் பழகியவர்கள் நாம். எடின்பரோ நகரில் 1483-ல் உரிமைப் பத்திரம் பெற்ற ‘சம்மட்டிக்காரர்’ சங்கமும் அப்படித்தான். இரும்புக் கொல்லர், பொற்கொல்லர், கத்தி செய்பவர், கவசம் செய்பவர், சேணம் தைப்பவர், கொக்கி அடிப்பவர் எல்லாரும் அதில் அடக்கம். சேணம் தைப்பவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கக்கூடாது. சுத்தியல் எடுத்தவரெல்லாம் உள்ளே.

ஜெர்மனியில் எழுத்துக்கூட்டல்தான் பெரிய கதை. பழைய ‘ஸ்மி’ அங்கே ‘ஷ்மி’ ஆனது. எஸ்-க்குப் பின்னால் எம், என், எல் வந்தால் அப்படி மாறுவது அந்த மொழியின் வழக்கம். கடைசியில் இருந்த ‘த்’ ஒலி ‘ட்’ பக்கம் போனது. ஆனால் ‘ஷ்மீட’ (உலைக்களம்) போன்ற சொற்களில் ‘ட’ மெலிந்து ஒலிக்கும். எனவே பழைய எழுத்தர்களில் சிலர் டி (d) மட்டும் எழுதினார்கள், சிலர் டி-யையும் டீ-யையும் (dt) சேர்த்தே எழுதினார்கள், அடிச்சொல்லுக்கு ஒன்று, வாயில் வரும் ஒலிக்கு ஒன்று. சிலர் இரண்டு டீ (tt) போட்டார்கள். அதனால் இன்று பெயரின் கடைசி எழுத்தைப் பார்த்தே ஊரை ஓரளவு ஊகிக்கலாம். தெற்கே பவேரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் டி-யோடு முடியும் ஷ்மிட். வடக்கிலும் நடுவிலும் டி-யும் டீ-யும் சேர்ந்த ஷ்மிட். கொலோன் பக்கத்து ரைன் கரையில் ‘ஷ்மிட்ஸ்’. கடைசி ‘ஸ்’ ஆறாம் வேற்றுமை, ‘கொல்லனுடைய’ என்று பொருள், மகன் என்பது சொல்லாமலே புரியும். வடக்குக் கடலோரத்தில் ‘ஷ’ ஏறாத ஸ்மிட். எல்லை தாண்டினால் நெதர்லாந்தில் ஸ்மித் (Smit), பெல்ஜியத்தில் தெ ஸ்மெத்.

வேலையின் நுணுக்கத்தைப் பெயரிலேயே வைத்தவர்களும் உண்டு. செம்புக் கொல்லர் குப்ஃபர்ஷ்மிட். பூட்டு, கீல் மாதிரிச் சின்ன வேலை செய்பவர் க்லைன்ஷ்மிட். ஏருக்குக் கொழு அடிப்பவர் ஷார்ஷ்மிட். இந்தக் கடைசிப் பெயர் எனக்குப் பிடித்தது. விதைப்புக்கு முன்னால் ஊரே அவர் பட்டறை வாசலில் கலப்பையோடு நின்றிருக்கும். ஜெர்மனியில் இன்று மிக அதிகம் பேருக்கு இருக்கும் ஐந்து பெயர்களைப் பாருங்கள்: ம்யுல்லர், ஷ்மிட், ஷ்னைடர், ஃபிஷர், வேபர். மாவரைப்பவர், கொல்லர், தையற்காரர், மீனவர், நெசவாளர். ஒரு பழைய கிராமத்தின் தெருக்கள் அப்படியே அதில் இருக்கின்றன.

உலையை மறைக்கும் முதல் பெரிய முயற்சி படித்தவர்களிடமிருந்து வந்தது. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் லத்தீன் கற்ற ஜெர்மானியர்கள் தங்கள் நாட்டுப்புறப் பெயரை லத்தீனுக்கு மாற்றிக்கொண்டார்கள். லத்தீனில் கொல்லன் ‘ஃபாபெர்’. ஷ்மிட் வீட்டுப் பிள்ளை பல்கலைக்கழகம் போனால் ஃபாபெர் ஆவான், இன்னும் கொஞ்சம் கம்பீரம் வேண்டுமானால் ‘ஃபாப்ரீசியுஸ்’. ரோமானியப் பிரபுக்கள் இடையிலும் அந்தப் பெயர் இருந்ததால் கரி வாடை முழுவதும் போய்விடும்.

இந்தப் பெயர் தமிழர்களுக்குத் தெரிந்த பெயர். ஜெர்மனியின் க்ளேபெர்க் ஊரில் 1711-ல் பிறந்த யோகான் ஃபிலிப் ஃபாப்ரீசியுஸ் 1740-ல் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு சென்னையில் நிலைத்தார். பைபிளைத் தமிழில் பெயர்த்தவர், ஞானப்பாட்டுகள் எழுதியவர். புதுச்சேரியை ஆங்கிலேயர் 1761-ல் பிடித்தபோது அங்கிருந்து தூக்கிவந்த அச்சு இயந்திரம் வேப்பேரியில் அவர் பொறுப்பில் விடப்பட்டது. அங்கிருந்துதான் 1779-ல் அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி வந்தது. பண விவகாரம் அவருக்குக் கைவரவில்லை. கடனுக்காகச் சிறையும் கண்டு, 1791-ல் சென்னையிலேயே இறந்தார். லத்தீன் போர்வை போர்த்தாத கொல்லர் பெயரும் தமிழ்நாட்டுக்கு வந்தது. 1820-ல் மிஷனரி ரேனியுஸ் பாளையங்கோட்டைக்கு வந்த அதே ஆண்டில் அவருக்குத் துணையாக வந்து சேர்ந்த ஜெர்மானியர் பெர்ன்ஹார்ட் ஷ்மிட். பின்னாளில் நீலகிரியில் செடிகொடிகளைச் சேகரித்தவரும் அவரே.

ஸ்காட்லாந்துக்குத் திரும்புவோம். அங்கே இந்தப் பெயருக்கு இரண்டு வேர்கள். தெற்கிலும் கிழக்கிலும் இருந்த சமவெளியில் ஸ்காட் மொழி, ஜெர்மானியக் குடும்பம், எனவே ஸ்மித். வடமேற்கு மலைநாட்டில் கேலிக் மொழி, கெல்டிக் குடும்பம். அங்கே கொல்லன் ‘கோவ’. எழுவாயாக நின்றால் கோவ, வேற்றுமை ஏறினால் ‘கோவின்’. மரம் ‘மரத்து’ ஆவது மாதிரி. எழுவாய் வடிவத்திலிருந்து ‘கௌ’ என்ற குடும்பப் பெயர் வந்தது. ‘கொல்லனின் மகன்’ என்று பொருள்படும் மக் அ கோவின் என்பதிலிருந்து மெக்கோவன், மகௌன், கோவன்ஸ் எல்லாம் வந்தன. ஒரே சொல்லின் இரண்டு வேற்றுமைகள் இரண்டு குடும்பப் பெயர்களாகப் பிரிந்து நிற்பதைப் பார்க்க இலக்கணம் படித்தவர்களுக்கு ஒரு சந்தோஷம் வரும்.

மலைநாட்டில் கொல்லருக்கு இருந்த மதிப்பே தனி. வாளும் கோடரியும் அவர் கையிலிருந்து வரவேண்டும். 1396-ல் பெர்த் நகரத்தில் டே ஆற்றங்கரைப் புல்வெளியில் நடந்த சண்டையைப் பற்றிச் சொல்வார்கள். இரண்டு குலத்தாரிடையே பகை. பக்கத்துக்கு 30 பேர் இறங்கித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. மன்னன் மூன்றாம் ராபர்ட் மேடையில் உட்கார்ந்து பார்க்கிறான். கடைசி நேரத்தில் சட்டன் குலத்துப் பக்கம் ஓர் ஆள் குறைகிறது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்திலிருந்து கால் வளைந்த ஒரு கொல்லர், கூலி பேசிக்கொண்டு உள்ளே இறங்குகிறார். சட்டன் குலம் ஜெயிக்கிறது. யாருக்காகச் சண்டை போட்டாய் என்று கேட்டதற்கு ‘என் கைக்காக’ என்றாராம். ஸ்காட் மொழியில் அது பழமொழியாகவே நிலைத்துவிட்டது. வால்டர் ஸ்காட் 1828-ல் இதை நாவலுக்குள் கொண்டுவந்தார். சண்டை நடந்தது வரலாறு. கொல்லர் பேசிய வசனம் மரபு. சட்டன் குலத்தோடு சேர்ந்த கௌ குடும்பங்கள் தாங்கள் அந்த ‘வளைந்த கொல்லர்’ வழி என்று சொல்லிக்கொள்வதும் மரபே. 1727-ல் பிறந்த புகழ்பெற்ற வயலின் கலைஞர் நீல் கௌவும் அதே பெர்த் வட்டாரத்துக்காரர்.

ஆனால் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கொல்லர் இருந்தார். எல்லார் பிள்ளைகளும் மெக்கோவன்தான். ‘உங்கள் பெயர் ஸ்மித்தா, உங்கள் குலத்தின் கட்டம்போட்ட துணி இதோ’ என்று எடின்பரோ சுற்றுலாக் கடைகளில் விற்பதை வாங்குங்கள், அழகாக இருக்கும். வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேலிக் பின்வாங்கி ஆங்கிலம் ஏறியபோது இந்த மெக்கோவன்களிலும் கௌக்களிலும் ஏராளமானோர் பெயரை மொழிபெயர்த்து ஸ்மித் ஆனார்கள். பள்ளிக்கூடத்திலும் தேவாலயப் பதிவேட்டிலும் அது எழுத எளிது. அயர்லாந்தில் இதற்குச் சட்டமே வந்தது. ஆங்கில ஆட்சிக்குள் இருந்த பகுதியில் வாழும் ஐரிஷ்காரர்கள் ஓர் ஊர்ப் பெயரையோ, நிறத்தையோ, தொழிலையோ ஆங்கிலக் குடும்பப் பெயராகச் சூடவேண்டும் என்றது 1465-ஆம் ஆண்டுச் சட்டம். தொழிலுக்கு அது கொடுத்த உதாரணங்களில் முதலாவது ஸ்மித். எனவே இன்று ஒரு ஸ்காட்லாந்து ஸ்மித்தின் முன்னோர் ஜெர்மானிய மொழி பேசியவரா, கெல்டிக் மொழி பேசியவரா என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. ஊரைப் பார்க்கவேண்டும், பதிவேட்டைப் பார்க்கவேண்டும். ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855-ல்தான் தொடங்கியது. அதற்கு முந்தையது தேவாலயக் கணக்கு. ஒரு வசதி, அந்த நாட்டுப் பழைய பதிவுகளிலும் கல்லறைகளிலும் மணமான பெண்களின் பிறந்த வீட்டுப் பெயரே பெரும்பாலும் இருக்கும்.

ஸ்மித்களில் உலகமறிந்தவர் ஆடம் ஸ்மித். 1723-ல் கிர்கால்டியில் பிறந்தவர். அவரும் உலைக்களத்தை எட்டி நின்று கவனித்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1776-ல் வந்த ‘நாடுகளின் செல்வம்’ நூலில் குண்டூசித் தொழிற்சாலையைத்தான் எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். சில பக்கம் தள்ளி ஆணிக் கணக்கு வருகிறது. சுத்தியல் பழகியவர், ஆனால் ஆணி அடித்துப் பழக்கமில்லாத கொல்லர் என்றால் நாளைக்கு 200, 300 ஆணிக்கு மேல் தேறாது, அதுவும் மட்டமான ஆணி. ஆணி பழகியவர், ஆனால் அதையே முழுத் தொழிலாகக் கொள்ளாதவர் என்றால் 800, மிஞ்சினால் 1,000. ஆணியைத் தவிர வேறு எதுவும் செய்திராத, இருபது வயதுகூட ஆகாத பையன்கள் 2,300-க்கு மேல் அடித்ததைத் தான் கண்ணால் கண்டதாக எழுதுகிறார். ஸ்காட்லாந்தில் ஓர் ஊரில் வேலையாட்கள் ரொட்டிக் கடைக்கும் மதுக்கடைக்கும் காசுக்குப் பதில் ஆணியைக் கொண்டுபோகிறார்கள் என்றும் சொல்கிறார். ஒரு ஸ்மித், ஸ்மித்களின் கூலியைக் கணக்குப் போட்டிருக்கிறார்.

பெயரை மெருகேற்றுவது நின்றுவிடவில்லை. ஐ இருந்த இடத்தில் ஒய், கடைசியில் ஒரு ஈ சேர்த்து ‘ஸ்மைத்’ என்று உச்சரித்தால் பட்டறை மாளிகையாகும் என்று இங்கிலாந்தில் ஒரு காலத்தில் நம்பினார்கள். பழைய எழுத்தர்கள் ஒய்-யையும் ஐ-யையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள், அதில் குலப்பெருமை எதுவும் இல்லை. ஹியூ ஸ்மித்சன் என்பவர் பெர்சி என்ற பெருங்குடும்பத்து வாரிசுப் பெண்ணை மணந்து, 1750-ல் தன் பெயரையே பெர்சி என்று மாற்றிக்கொண்டார். பிறகு நார்தம்பர்லாந்து கோமகன் ஆனார். மணத்துக்கு வெளியே அவருக்குப் பிறந்த மகனோ, வளர்ந்த பின் அப்பா உதறிய ‘ஸ்மித்சன்’ பெயரைத் தேடி எடுத்துச் சூடிக்கொண்டார். கால்கூட வைக்காத அமெரிக்காவுக்குத் தன் சொத்தை எழுதிவைத்தார். வாஷிங்டனில் 1846-ல் நிறுவப்பட்ட ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருப்பது அந்த உதறப்பட்ட பெயர்.

முதல் உலகப் போரில் காற்று வேறு பக்கம் அடித்தது. ஜெர்மன் பெயர் இருந்தால் சந்தேகக் கண். 1917-ல் பிரிட்டிஷ் அரச குடும்பமே ஜெர்மன் பெயரை விட்டு விண்ட்சர் ஆனபோது, அமெரிக்கா போன ஷ்மிட்கள் ஸ்மித் ஆனதில் வியப்பில்லை. ஓர் எழுத்து, ஓர் ஒலி மாற்றினால் போதும். அமெரிக்காவின் 2010 கணக்கெடுப்பில் ஸ்மித் என்ற பெயர் கொண்டவர்கள் 24 லட்சத்துக்கும் மேல். முதல் இடம். ஸ்காட்லாந்திலும் அதற்கே முதல் இடம்.

இவ்வளவு பரவினால் பெயர் பெயராகப் பயன்படாது. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மீனவ ஊர்களில் ஒரே தெருவில் ஒரே குடும்பப் பெயரும் ஒரே முதற்பெயருமாகப் பத்துப் பேர் இருப்பார்கள். எனவே ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்து, அதைச் சொன்னால்தான் ஆள் தெரியும் என்ற நிலை. அந்தப் பட்டப்பெயர்கள் படகுக் கணக்கிலும் வாக்காளர் பட்டியலிலும்கூட ஏறின. கொல்லர் ஜானை மற்ற ஜான்களிடமிருந்து பிரிக்க வந்த பெயரை, இன்னொரு பெயர் வந்து பிரிக்கவேண்டியதாயிற்று.

தொடங்கிய நேஸ்மித் வீட்டுக்கு ஒருமுறை போய்வரலாம். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் முகத்தை நமக்கு விட்டுச்சென்ற ஓவியர் அலெக்சாண்டர் நேஸ்மித். அவர் மகன் ஜேம்ஸ் (1808–1890) ஓவியத்தை விட்டு இரும்புக்குப் போனார். ஒரு பெரிய கப்பலின் தண்டை அடித்து உருவாக்கும் அளவுக்குச் சம்மட்டி எங்குமே இல்லை என்று தெரிந்ததும், 1839 நவம்பரில் ஒரு தாளை எடுத்து நீராவிச் சம்மட்டியை வரைந்தார். கப்பலின் வடிவமைப்பு மாறியதால் அந்தத் தண்டே தேவைப்படவில்லை. படம் குறிப்பேட்டில் தூங்கியது. 1842-ல் அவர் பிரான்சின் க்ரெசோ இரும்பாலைக்குப் போனபோது, தன் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் அதைச் செய்தே வைத்திருந்தார்கள் என்பது அவர் சொல்லும் கதை. அந்த ஆலையின் முதலாளிகள் பெயர் ஷ்னைடர், தையற்காரர். ஊருக்குத் திரும்பியதும் ஜேம்ஸ் முதல் வேலையாகக் காப்புரிமை எடுத்தார். பல டன் எடையில் இறங்கும் அந்தச் சம்மட்டியால், மதுக்கோப்பைக்குள் வைத்த முட்டையின் ஓட்டை மட்டும் கோப்பை உடையாமல் தட்டிக்காட்டுவது அந்நாளைய வித்தை.

குடும்பக் கதையை அவர் தன் வரலாற்றில் ஆசையாகவே எழுதுகிறார். ஆனால் சின்னத்தின் கீழிருந்த வாசகத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்: ‘போரால் அல்ல, கைவினையால்’. 48 வயதில் தொழிலை விட்டு ஓய்வுபெற்று, கென்ட் பகுதியில் ஒரு வீடு வாங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘ஹாமர்ஃபீல்டு’. தமிழில் சொன்னால், சம்மட்டி வயல்.